கரையில் ஐந்து பேர், கடலில் ஐந்து கப்பல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழின் நடுப்பக்கத்தில் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ் வரைந்த ‘வாழ்வின் படிநிலைகள்’ ஓவியத்தைப் போட்டிருந்தோம். அதைப் பற்றி வந்த கடிதங்கள் நிறைய, அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரு ஓவியத்துக்கே. படம் கையில் இல்லாதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பால்டிக் கடற்கரை, சூரியன் மறைகிற நேரம். முன்னால் கற்கள் கிடக்கும் கரை, அங்கே கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. நமக்கு முதுகைக் காட்டியபடி, கைத்தடியோடு ஒரு முதியவர் கடலை நோக்கி நடக்கிறார். அவருக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, உயரத் தொப்பி போட்ட ஒரு நடுவயதுக்காரர் நம் பக்கம் திரும்பி நின்று கையால் ஏதோ சைகை காட்டுகிறார். பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு குழந்தைகள் ஒரு சின்னக் கொடியை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். கடலில் ஐந்து பாய்மரக் கப்பல்கள். அவ்வளவுதான் படம்.

கரையில் ஐந்து பேர், கடலில் ஐந்து கப்பல். ஒவ்வொருவருக்கும் ஒரு கப்பல் என்று புரிகிறது. ஆனால் எந்தக் கப்பல் யாருடையது? வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசினோம், நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னோம்.
(ஒரு வாசகி, திருச்சி)

நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த ஓவியத்தைப் பற்றி எழுதிய அறிஞர்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. நடுவில் இருக்கும் பெரிய கப்பல் முதியவருடையது. நெடுந்தூரம் போய்வந்து கடைசியாகக் கரைக்குத் திரும்புகிறது. கரையை ஒட்டி மிதக்கும் இரண்டு சின்னப் படகுகள் குழந்தைகளுடையவை, அவர்கள் இன்னும் ஆழத்துக்கே போகவில்லை. தூரத்தில் தெரியும் இரண்டு கப்பல்கள் அந்த நடுவயதுக்காரருக்கும் இளம்பெண்ணுக்கும், அவர்கள் வாழ்க்கையின் நடுவில் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஐந்துக்கு ஐந்து சரியாகப் போய்விட்டது.

இப்போது தூரத்தை மட்டும் வைத்து யோசித்துப் பாருங்கள். கரை என்பது பயணத்தின் முடிவு, அதாவது மரணம் என்று வைத்துக்கொண்டால் பெரிய கப்பல் முதியவருக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கரைக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் இருப்பவை குழந்தைகளின் படகுகள்! சரி, அப்படியானால் கரை என்பது பிறப்பு, புறப்படும் இடம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளின் படகுகள் இப்போதுதான் கிளம்புகின்றன, சரியாக வருகிறது. ஆனால் அப்போது முதியவரின் கப்பல்தானே அடிவானத்தில் மங்கலாகத் தெரிய வேண்டும்? அது நடுவில் பெரிதாக நிற்கிறது. ஒரே கரை ஒருவருக்குத் துறைமுகமாகவும் இன்னொருவருக்குப் புறப்படும் இடமாகவும் இருந்தால்தான் இந்தக் கணக்கு தேறும். அப்படி இருக்கட்டும் என்றுதான் ஃப்ரீட்ரிஹ் வரைந்திருக்கிறார் என்பது என் எண்ணம். நிஜக் கடற்கரையும் அப்படித்தானே இருக்கிறது, ஒரே மணலிலிருந்து ஒருவர் கிளம்புவார், இன்னொருவர் வந்து இறங்குவார்.

அதனால் உங்களுக்கு என் யோசனை, கப்பலுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். முதலில் கரையில் இருப்பவர்களைப் பாருங்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகளுக்குக் கொடிதான் உலகம். இளம்பெண்ணின் கவனம் குழந்தைகள்மேல். நடுவயதுக்காரரின் கவனம் முதியவர்மேல். முதியவருக்கு முன்னால் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், இவர்களுக்கு அப்பால் கடல். அதாவது மற்ற நாலு பேரும் தங்களுக்கு அடுத்துள்ள ஒன்றை மட்டும் பார்க்க, மொத்தமும் ஒரே பார்வையில் வருவது முதியவருக்குத்தான். நாமும் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதால் நமக்கும் அது கிடைக்கிறது. நமக்குப் பன்னிரண்டு வயதானாலும் சரி, எழுபது வயதானாலும் சரி, இந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிற வரைக்கும் முதியவரின் இடத்தில்தான் நிற்கிறோம். வாழ்வின் பருவங்களை வரைந்த எத்தனையோ படங்களில் நாம் வெளியே நின்று வேடிக்கை பார்ப்போம். இதில் அப்படி முடிவதில்லை.

இன்னொன்று, அந்தத் தொப்பிக்காரரின் கை. ‘வாங்க’ என்று கூப்பிடுகிறாரா, ‘அங்கே பாருங்க’ என்று காட்டுகிறாரா, ‘பார்த்து வாங்க, கல்லு’ என்கிறாரா? மூன்றுக்கும் இடம் இருக்கிறது. எனக்குக் கூப்பிடுவதாகத்தான் படுகிறது. முதியவர் இன்னும் போய்ச் சேரவில்லை, நடந்துகொண்டிருக்கிறார். அவருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நாலைந்து எட்டு இருக்கும். படத்தின் உயிர் இருப்பது அந்த இடைவெளியில் என்று நினைக்கிறேன்.

அந்த முதியவர் ஓவியரேதான் என்று இணையத்தில் படித்தேன். மற்றவர்கள் அவருடைய குடும்பத்தினராம். உண்மையா?
(ஒரு வாசகர், சேலம்)

பெரும்பாலான ஆய்வாளர்கள் அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். முதியவர் ஃப்ரீட்ரிஹ், தொப்பிக்காரர் அவருடைய உறவுக்காரர் யோஹான் ஹைன்ரிஹ், இளம்பெண் மூத்த மகள் எம்மா, குழந்தைகள் ஆக்னஸ் அடெல்ஹைடும் கடைக்குட்டி குஸ்தாவ் அடோல்ஃபும். இடத்தையும் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிறந்த ஊரான கிரைஃப்ஸ்வால்டுக்குப் பக்கத்தில், ஊட்கீக் என்ற கரை.

ஆனால் வயதைக் கொஞ்சம் பாருங்கள். ஃப்ரீட்ரிஹ் பிறந்தது 1774-இல், ஓவியம் 1834, 35 வாக்கில் வரையப்பட்டது. அப்போது அவருக்கு அறுபது. 1819-இல் பிறந்த எம்மாவுக்குப் பதினைந்து, பதினாறு. 1824-இல் பிறந்த குஸ்தாவுக்குப் பத்து, பதினொன்று. படத்தில் இருக்கும் பையனைப் பார்த்தால் பத்து வயது என்று யாராவது சொல்வார்களா? இளம்பெண்ணும் பதினாறுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிகிறாள். அறுபது வயது மனிதரோ இன்னும் தளர்ந்தவராக, தடி ஊன்றி நடக்கிறார். இளையவரை இன்னும் இளையவராக்கி, மூத்தவரை இன்னும் மூத்தவராக்கி வரைந்திருக்கிறார். தன் குடும்பத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் குடும்பப் படம் வரைய எடுத்துக்கொள்ளவில்லை. அடையாளம் சரியாக இருந்தாலும் அதோடு நின்றுவிட்டால் படம் சின்னதாகிவிடும்.

அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வதால் வேறொரு பலன் உண்டு. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது, உறைந்த பனி உடைந்து தம்பி யோஹான் கிறிஸ்தோஃபர் தண்ணீரில் மூழ்கி இறந்தான். காஸ்பரைக் காப்பாற்றப் போய்த்தான் அவன் மூழ்கினான் என்றும் சொல்வார்கள். இரண்டு சகோதரிகளும் இளமையிலேயே போய்விட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில்தான் கல்யாணம், அதற்கப்புறம்தான் வீட்டில் குழந்தைச் சத்தம். இப்படிப்பட்ட ஒருவர் தண்ணீர் ஓரத்தில் குழந்தைகளை உட்காரவைத்து, கடலை இவ்வளவு அமைதியாக வரைந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை படத்தைப் பாருங்கள்.

1835 ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கப்புறம் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்வது ரொம்பக் குறைந்துபோய், பெரும்பாலும் நீர்வண்ணமும் செபியா என்ற பழுப்பு மையும்தான். 1840-இல் டிரெஸ்டனில் இறந்தார். இந்த ஓவியத்தைச் ‘சாகப்போவது தெரிந்து வரைந்த விடைபெறல்’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வரைந்த வருடமும் நோய் வந்த வருடமும் ஒட்டி வருவதால் பின்னாலிருந்து பார்க்கிற நமக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஜெர்மன் ஓவியர், ஜெர்மன் கடற்கரை. குழந்தைகள் கையில் ஏன் ஸ்வீடன் கொடி?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

அவர் பிறந்தபோது கிரைஃப்ஸ்வால்ட் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தது. 1815-இல்தான் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கைக்குப் போனது. மகனுக்கு ஸ்வீடன் அரசர்களின் பெயரைத்தான் வைத்தார், குஸ்தாவ் அடோல்ஃப். படம் வரையும்போது அந்த ஆட்சி முடிந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது. முடிந்துபோன ஒரு காலத்தின் கொடியைப் படத்திலேயே வயது குறைந்தவர்கள் கையில் கொடுத்திருக்கிறார் பாருங்கள். முதியவரின் சின்ன வயது அந்தக் குழந்தைகளின் கையில் ஆடுகிறது. இதை அரசியலாகப் படிப்பவர்களும் உண்டு, எனக்கு இது ஊர்ப்பாசமாகத்தான் தெரிகிறது.

நடுக்கப்பலின் பாய்மரம் சிலுவை, கவிழ்ந்த படகு சவப்பெட்டி, சாயங்காலம் மரணம் என்று எனக்குத் தெரிந்த ஓர் ஓவிய ஆசிரியர் வரிசையாகச் சொன்னார். ஓர் ஓவியத்தை இப்படி அகராதி வைத்துப் படிக்கலாமா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

அவர் சும்மா சொல்லவில்லை. ஃப்ரீட்ரிஹின் படங்களை இப்படிக் கிறிஸ்தவக் குறியீடுகளாக விரிவாகப் படித்தவர் ஹெல்முட் போர்ஷ்-சூபான் என்ற ஜெர்மன் ஆய்வாளர். ஃப்ரீட்ரிஹ் ஆழ்ந்த லூத்தரன் நம்பிக்கை உள்ளவர், மலை உச்சியில் சிலுவையை வைத்து ஒரு நிலக்காட்சியையே பலிபீடப் படமாக வரைந்தவர். எனவே பாய்மரத்தில் சிலுவையைப் பார்ப்பதில் தப்பே இல்லை, கண்ணுக்கு நேராகவே தெரிகிறது.

எனக்கு உள்ள வருத்தம் வேறு. ‘படகு என்றால் சவப்பெட்டி’ என்று சொல்லிவிட்ட அந்த நொடியில் நாம் படகைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அது மீனவர் வேலை முடித்து இழுத்துப் போட்ட படகு. ஃப்ரீட்ரிஹ் சின்ன வயதிலிருந்து பார்த்த படகு. முதலில் அது படகாக இருக்கிறது, இருந்துகொண்டே, அந்தக் குறைந்த வெளிச்சத்தில், ஒரு முதியவர் நடக்கும் கரையில் கிடப்பதால் மனசுக்குள் வேறொன்றையும் கிளப்புகிறது. இரண்டாவதற்காக முதலாவதைத் தூக்கி எறியக் கூடாது.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ‘வாழ்வின் படிநிலைகள்’ என்ற தலைப்பை ஃப்ரீட்ரிஹ் வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் வைத்தது. அந்தத் தலைப்பு இல்லாமல் இந்தப் படம் நம் முன்னால் வந்திருந்தால் எத்தனை பேர் கப்பல்களை எண்ணியிருப்போம்? சாயங்காலம் ஒரு குடும்பம் கடற்கரைக்கு வந்திருக்கிறது, தாத்தாவைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் பார்த்திருப்போம். அப்புறம் மெல்ல, ஏதோ எண்ணிக்கை ஒத்துவருகிறதே என்று தோன்றியிருக்கும். அந்த வரிசையில் பார்ப்பதுதான் நல்லது என்பேன்.

வாழ்க்கைப் பருவங்களை வரைந்த வேறு ஓவியங்கள் எவை? இதைவிட எளிதாகப் புரிவது ஏதாவது இருக்கிறதா?
(ஒரு வாசகர், மதுரை)

எளிதாகப் புரிவது என்றால் படிக்கட்டுப் படங்கள். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ரொம்ப நாள் அச்சில் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பத்து, இருபது, முப்பது என்று ஏறும் படிகள், உச்சியில் ஐம்பது, மறுபக்கம் நூறு வரை இறங்கும் படிகள். ஒவ்வொரு படியிலும் அந்த வயது ஆள். சிலவற்றில் வயதுக்கு ஒரு விலங்கும் உண்டு, நாற்பதுக்குச் சிங்கம், ஐம்பதுக்கு நரி என்று. யோர்க் பிராய் (இளையவர்) 1540-இல் செய்த மரச்செதுக்கு அச்சு இந்த வகையில் முக்கியமானது. சாதாரண வீடுகளின் சுவரில் தொங்கிய படங்கள் இவை. பார்த்த உடனே புரியும், இரண்டாவது தடவை பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அடுத்தது, அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் வரைந்த ‘வாழ்க்கைப் பயணம்’. நாலு பெரிய ஓவியங்கள்: குழந்தைப் பருவம், இளமை, நடுவயது, முதுமை. நியூயார்க் வங்கியாளர் சாமுவேல் வார்ட் கேட்டு வரையத் தொடங்கினார், வார்ட் 1839-இல் இறந்துவிட்டார். ஓவியங்களைப் பொதுக் கண்காட்சிக்குத் தர அவர் குடும்பம் தயங்கியது. கோல் என்ன செய்தார் தெரியுமா, ரோமில் உட்கார்ந்து நாலையும் மறுபடி வரைந்தார்! 1842-இல் முடித்த அந்த இரண்டாவது தொகுதி இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. முதலாவது நியூயார்க் மாநிலத்தில் யூட்டிகா நகர அருங்காட்சியகத்தில்.

கோலின் படத்தில் ஆறுதான் வாழ்க்கை. குகையிலிருந்து படகு வருகிறது, உள்ளே குழந்தை, பின்னால் காவல் தேவதை, படகின் முகப்பில் மணற்கடிகாரம் ஏந்திய சிலை. இரண்டாவதில் இளைஞன் சுக்கானைத் தானே பிடித்துக்கொள்கிறான், வானத்தில் வெள்ளையாக ஒரு மாளிகை தெரிகிறது, அதை நோக்கிக் கை நீட்டுகிறான். இங்கேதான் கோல் நிஜமாகவே அசத்திவிடுகிறார். ஆறு அந்த மாளிகைக்குப் போகவே போகாது. கொஞ்ச தூரத்தில் வளைந்து திரும்பி, பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடுகிறது. இளைஞனுக்கு அது தெரியாது, படத்தின் வலது ஓரத்தை உற்றுப் பார்த்தால் நமக்குத் தெரியும். மூன்றாவதில் புயல், சுக்கான் போய்விட்டது, மனிதன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறான், தேவதை மேகத்துக்குள்ளிருந்து பார்க்கிறது, ஆனால் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. நாலாவதில் கடல். முகப்புச் சிலையும் இல்லை, மணற்கடிகாரமும் இல்லை. முதன்முறையாக அவன் தேவதையைப் பார்க்கிறான்.

கோல் எல்லாவற்றையும் வரைந்ததோடு நிற்காமல் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கமும் எழுதினார். எதுவும் தப்பாகப் புரிந்துவிடக் கூடாது என்ற அக்கறை. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் இவற்றின் அச்சுப் பிரதிகளை வீட்டில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவு பிரபலம். எனக்கும் கோலைப் பிடிக்கும், முக்கியமாக அந்த வளைந்து போகும் ஆற்றுக்காக. ஆனால் கோலின் மனிதன் படகில் தனியாகவே இருக்கிறான் என்பதைக் கவனித்தீர்களா? நாலு படத்திலும் பெற்றோர் இல்லை, மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒருவனே வளர்ந்து ஒருவனே வயதாகிறான். ஃப்ரீட்ரிஹ் எல்லாப் பருவத்தையும் ஒரே நேரத்தில் ஒரே கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒருவர் முதுமையில் இருக்கும்போது இன்னொருவர் கொடியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறார். நாம் பருவங்களை வாழ்வது அப்படித்தான், வீட்டில் எல்லா வயதும் ஒன்றாக இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கோலைவிட ஃப்ரீட்ரிஹ் பக்கம் சாய்கிறேன்.

ஓய்வுபெற்ற என் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இதழை மூடி வைத்துவிட்டார். காட்டியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. வயதானவர்களை வருத்தும் படமா இது?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ரொம்ப நேரம் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத படத்தை யாரும் ரொம்ப நேரம் பார்ப்பதில்லை, அதனால் காட்டியது சரிதான்.

வருத்துவதற்கென்றே வரைந்த படங்கள் உண்டு. மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் பால்டுங் கிரீன் 1540-களில் வரைந்த ஒன்று இருக்கிறது. கீழே ஒரு குழந்தை, மேலே ஓர் இளம்பெண், ஒரு கிழவி, அந்தக் கிழவியின் கையோடு கை கோத்துக்கொண்டு எலும்புருவில் மரணம், அதன் கையில் மணற்கடிகாரம். அதை உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஃப்ரீட்ரிஹ் அப்படி யாரையும் பயமுறுத்தவில்லை. எலும்புக்கூடு இல்லை, மணற்கடிகாரம் இல்லை, தேவதைகூட இல்லை. அடிவானத்தை ஒட்டி அந்த மஞ்சள் வெளிச்சம், அதற்கு மேல் ஊதாவாக மாறும் வானம், காற்றடங்கிய கடல். முதியவரின் முகத்தை நமக்குக் காட்டவே இல்லை, அதனால் அவர் சோகமாக இருக்கிறாரா நிம்மதியாக இருக்கிறாரா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அப்பாவிடம் அதைக் கேளுங்கள். ‘அந்தத் தாத்தா என்ன நினைச்சுக்கிட்டு நடக்கிறார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னால் எனக்கும் எழுதுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
(ஒரு வாசகர், விழுப்புரம்)

தலைப்பைச் சொல்லாதீர்கள், குறியீடு என்ற பேச்சையும் எடுக்காதீர்கள். படத்தின் மேல்பாதியை ஒரு வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டு, கரையை மட்டும் காட்டுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், தொப்பிக்காரர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், சண்டை போட்டுக்கொள்ளட்டும். இரண்டு பிள்ளைகளை எழுப்பி முதியவராகவும் தொப்பிக்காரராகவும் நிற்கச் சொன்னால் அந்த இடைவெளி அவர்களுக்கு உடனே பிடிபடும். அப்புறம் தாளை எடுங்கள். கப்பல்கள் ஐந்து என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. யாருக்கு எது என்று கேளுங்கள், பதிலைக் கரும்பலகையில் எழுதுங்கள், எதையும் அழிக்காதீர்கள். தலைப்பும் ஓவியரின் கதையும் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போதும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். அசல் ஓவியம் 72.5 செ.மீ. உயரம், 94 செ.மீ. அகலம். நம் இதழில் வந்த அளவில் தூரத்துக் கப்பல்கள் இரண்டும் புள்ளியாகிவிட்டன, செல்போன் திரையில் அதுவும் தெரியாது. ஏ3 தாளிலாவது வண்ணத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், இருட்டாக வந்தால் கடையில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முன்னால் கிடக்கும் படகும் கற்களும் ஒரே கறுப்பாகிவிடும்.